வலையிறவுப் பக்கம் ஒரு நர்சரி: ஐரிஸ் தேடுறவங்களுக்கு மட்டும்

5க்கு 4 ஸ்டார் எண்டு முதல்லயே சொல்லிர்றன், மிச்ச ஒரு ஸ்டார் எங்க போச்செண்டு கீழ வரும். மட்டக்களப்பில வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போகக்குள்ள, வயல் தொடங்குறதுக்கு ஒள்ளுப்பம் முன்னால பச்சை நெட் கட்டின வளவு ஒண்டு கிடக்கும், அதுதான் இடம். பேர்ப்பலகை இல்ல, கூகுள் மெப்பில தேடினாலும் வராது, பில் புத்தகமும் கிடையாது. பேர் என்னெண்டு என்னட்டக் கேக்காதீங்க, அதை நடத்துற அண்ணனுக்கே கடைக்குப் பேர் வைக்கிற யோசினை இல்ல.

ரோசா, செவ்வரத்தை, குரோட்டன், போகன்விலா வாங்குறதெண்டா இவ்வளவு தூரம் போகத் தேவையில்ல, கல்லடியிலயே வாங்கலாம். இது ஐரிஸ் பைத்தியம் பிடிச்சவங்களுக்கு எழுதுறது. கனடா, சுவிஸ், லண்டனில இருக்கிற சொந்தக்காரர் வைகாசி ஆனி மாசத்தில ஸ்டேட்டஸ் போடுவாங்களே, ஊதா, மஞ்சள், சொக்லேட் கலர், மூண்டு இதழ் மேல நிமிர்ந்து மூண்டு இதழ் கீழ தொங்கி, தொங்குற இதழுக்கு நடுவில தாடி வச்ச பூ, அதைப் பார்த்திட்டு நம்மட வளவிலயும் ஒண்டு வச்சா என்ன எண்டு யோசிச்ச ஆக்கள் நிறையப் பேர் இருப்பீங்க. நானும் அந்தக் கூட்டம்தான்.

போய்க் கேட்ட உடனயே அந்த அண்ணன் சொன்னது இது: "தாடி ஐரிஸ் என்னட்ட இல்ல தங்கச்சி, இருந்தாலும் உங்களுக்கு விக்கமாட்டன்." மற்ற இடங்களில கேட்டா அடுத்த லோட்டில வரும், அட்வான்ஸ் குடுத்திட்டுப் போங்க எண்டுதான் பதில் வாறது, இந்த மனிசன் கையில காசோட வந்த ஆளைத் திருப்பி அனுப்புறார். ஏன் எண்டு கேட்டதுக்கு மம்பட்டியைக் கீழ வச்சிட்டு நிண்டு விளங்கப்படுத்தினார், எனக்குப் பின்னால குரோட்டனைத் தூக்கிக்கொண்டு நிண்ட ஒரு ஐயா பெருமூச்சு விடத் தொடங்கிட்டார், அப்பிடி ஒரு பாடம்.

விசயம் இதுதான். தாடி ஐரிஸ் கிழங்கில இருந்து வாறது, இஞ்சிக்கிழங்கு போல மண்ணுக்க படுத்துக் கிடக்கும். அந்தக் கிழங்குக்குப் பூமொட்டு வைக்கிறதுக்குக் குளிர் வேணும், ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, கிழமைக்கணக்கில நல்ல குளிர். அது கிடைச்சாத்தான் குருத்துக்குள்ள மொட்டு உண்டாகும், மறுகா வெயில் வரக்குள்ள தண்டு விட்டுப் பூக்கும். மட்டக்களப்பில தை மாசம் விடியப்புறம் கூட 20 பாகைக்குக் கீழ போறது அருமை, போர்வையே தேவைப்படாத ஊரில ஐரிஸுக்கு எங்கால குளிர்? சரி இலையாவது வரட்டும் எண்டு வச்சா, வரும்தான், விசிறி மாதிரி வடிவா வரும், மறுகா ஐப்பசியில தொடங்குற மழை மார்கழி வரைக்கும் அடிக்கக்குள்ள கிழங்கு அழுகி நாறும். அது ஒரு பக்டீரியா அழுகல், கிழங்கை அமத்தினா களியா வரும், மணமே காட்டிக் குடுக்கும். குளிரும் இல்ல, மழைக் காலத்தில காய்ஞ்ச நிலமும் இல்ல, ஆகக்கூடி இலையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், அதுக்குப் புல்லு வளர்க்கலாமே எண்டார். நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரம், தை மாசியில விடியப்புறம் புல்லில உறைபனியே விழும், அங்க ஆரும் ஆக்கள் இருந்தா அவங்களிட்டக் குடுத்துப் பாருங்க எண்டும் சொன்னார், அதையும் உறுதி எண்டு சொல்லல்ல.

பிரிஜ்ஜில வச்சு எடுத்தா என்ன எண்டு கேப்பீங்க, யூடியூப்பில அது கிடக்கு. அது தாடி ஐரிஸுக்கு இல்ல, டச்சு ஐரிஸ் எண்டு வெங்காயம் போலக் குமிழ் வைக்கிற இனம் ஒண்டு இருக்கு, பூக்கடையில கட்டி விக்கிற நீலப் பூ, அதின்ட குமிழைப் பூப்பண்ணைக்காரர் குளிர் அறையில கிழமைக்கணக்கில வச்சு எடுத்துத்தான் நடுறவங்க. வீட்டுப் பிரிஜ்ஜில வாழைப்பழம், மாம்பழத்துக்குப் பக்கத்தில வச்சா பழம் விடுற எத்திலீன் வாயு உள்ள இருக்கிற மொட்டைக் கெடுத்துப்போடும். அதோட எங்கட வீட்டில பிரிஜ்ஜைத் திறந்து மூடுற சீருக்கு அது எந்த நாளும் ஒரே குளிரில நிக்கப்போறதும் இல்ல, பிள்ளைகள் இருக்கிற வீட்டில ஐஸ் தண்ணிப் போத்தலே தங்காது.

இந்த இடத்தில சின்னம்மாவின்ட கதையையும் சொல்லணும், ஒன்லைனில பார்த்து ஓடர் போடுறவங்களுக்கு உதவும். அவ ஒரு பேஜில "ரெயின்போ ஐரிஸ் குமிழ்" எண்டு ஓடர் போட்டவ, படத்தில ஒரே பூவில ஏழு கலர், அப்பவே விளங்கியிருக்கணும் ஆனா படம் வடிவு. கேஷ் ஒன் டெலிவரி, பார்சலை உடைக்கிறதுக்கு முதல் காசைக் குடுக்கணும். வந்தது சின்ன வெங்காயம் அளவில ஒரு பிடி. நட்டு, தண்ணி ஊத்தி, வேலி கட்டி, ஆட்டைத் துரத்தி, கடைசியில முதல் மழைக்குப் பூத்திச்சு, ரோஸ் கலர் ரெயின் லில்லி! ஆரையம்பதியில எந்த வளவுக்குள்ள போனாலும் மதிலோரமாச் சும்மா பிடுங்கித் தருவாங்க. பேஜுக்கு மெசேஜ் போட்டா பார்த்த அடையாளம் மட்டும் விழுது, பதில் இல்ல. அதே மாதிரி ஐரிஸ் விதை விக்கிற விளம்பரமும் வருது, விதையில இருந்து வளர்க்கிறது உண்மையில செய்யிற வேலைதான், ஆனா தாடி ஐரிஸ் விதைக்குக் குளிர் காட்டித்தான் முளைக்க வைக்கணும், முளைச்சாலும் பூக்க ரெண்டு மூண்டு வருசம், விளம்பரத்தில 45 நாளில பூ எண்டு போட்டிருந்தா அந்தப் பேஜை அப்பிடியே தள்ளி விடுங்க. இதே ஆக்கள் குங்குமப்பூக் கிழங்கும் விக்கிறாங்க, அதுவும் ஐரிஸ் குடும்பம்தான், அதுவும் இஞ்ச சரிவராது, காஷ்மீர் ஈரான் எண்டு குளிர் நாட்டுப் பயிர்.

இனி நர்சரிக்கு வாறன். ரெண்டாந்தரம் போகக்குள்ள என்ட மச்சாளும் வந்தவ, மொன்றியலில இருந்து லீவுக்கு வந்து நிண்டவ. இந்த ஐரிஸ் ஆசையை எனக்குள்ள போட்டதே அவட வளவுப் படங்கள்தான். அண்ணன் அவவைக் கண்டதும் கேள்வி கேக்கத் தொடங்கிட்டார், வியாபாரம் பின்னால போயிட்டு. "ஐஸுக்க கிழங்கு சாகாதா தங்கச்சி? உள்ளுக்க எடுத்து வைப்பீங்களா?" எண்டு. "இல்லண்ணன், அது வெளியிலதான் கிடக்கும், உள்ளுக்க எடுத்தா மறு வருசம் பூக்காது" எண்டு அவ சொன்னா. அவங்க ரெண்டு பேரும் கதைச்சதை அப்பிடியே எழுதுறன், வெளிநாட்டில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு எங்கட நர்சரி விலையை விட இதுதான் பிரயோசனம்.

அங்க நடுறது ஆவணி மாசமளவில, நிலம் உறையிறதுக்கு ஒண்டரை மாசமாவது முன்னுக்கு, அதுக்குள்ள வேர் பிடிச்சிரணும். கிழங்கை ஆழமாத் தாக்கிறல்ல, வேர் மண்ணுக்க, கிழங்கின்ட முதுகு வெயிலுக்குத் தெரியிற மாதிரி. ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் எண்டாலும் வெயில் விழுற இடம், தண்ணி தேங்காத இடம். கனடாக் குளிர் கிழங்கைக் கொல்லாதாம், தை மாசம் சர்வசாதாரணமா மைனஸ் 15, சில நாள் மைனஸ் 25க்கும் போகும், அதுக்கும் தாங்கும். அவட பிரச்சினை குளிர் இல்ல, குளிர் விட்டுவிட்டு வாறது. நிலம் உறைஞ்சு இளகி மறுகா உறைஞ்சு இளகினா மண் உப்பி எழும்பி, புதுசா நட்ட கிழங்கை வேரோட மேல தள்ளிப்போடுமாம். ஸ்னோ தடிப்பா விழுந்து கிடக்கிற வருசம் பயமில்ல, மண்ணின்ட குளிர் ஒரே நிலையில நிக்கும், ஸ்னோ இல்லாம வெறுங்குளிர் அடிக்கிற வருசம்தான் ஆபத்து. அதால நட்ட முதல் வருசத்தில மட்டும், நிலம் நல்லா உறைஞ்ச பிறகு பைன் மரக் கொப்பு, இல்லாட்டி வைக்கோல் மேலால போட்டு மூடுவா. உறைய முதல் மூடினா எலி வந்து குடியிருக்கும், கிழங்கும் புழுங்கும். பங்குனி சித்திரையில குருத்துத் தெரியத் தொடங்கினதும் மூடினதை எடுத்திரணும், ஈரத்தில கிடந்தா திரும்ப அந்த அழுகல்தான்.

இன்னொண்டு, இலையுதிர்காலம் முடியக்குள்ள காய்ஞ்ச இலை எல்லாத்தையும் வெட்டி எடுத்து வளவுக்கு வெளியில போட்டிருவாவாம். துப்புரவுக்கு இல்ல. வட அமெரிக்காவின்ட கிழக்குப் பக்கத்தில ஐரிஸ் துளைப்பான் எண்டு ஒரு அந்துப்பூச்சி இருக்கு, அது அந்த இலையிலயும் பழைய தண்டிலயும் முட்டை போடும், முட்டை பனிக்காலம் முழுக்கக் கிடந்து வசந்தத்தில பொரிச்சு, புழு இலைக்குள்ளால துளைச்சுக்கொண்டே கீழ இறங்கிக் கிழங்கைக் கோதிரும், கோதின இடத்தால பக்டீரியா உள்ளுக்குப் போயிரும். இலையைக் குப்பைக்கு அனுப்பினா முட்டையும் போச்சு. மூண்டு நாலு வருசத்துக்கு ஒருக்கா பூத்து முடிஞ்ச பிறகு கிழங்கைக் கிண்டி, நடுவில இருக்கிற கிழட்டுத் துண்டை எறிஞ்சிட்டு ஓரத்துப் புதுக்கிழங்கை நடுறது, இல்லாட்டி நெருங்கிப் பூக் குறைஞ்சிரும். அண்ணன் இதைக் கேட்டிட்டு "அப்ப வாழைக்குக் கண்டு பிரிக்கிற வேலைதான்" எண்டார், சரியாத்தான் இருக்கு.

மச்சாள் இன்னொரு கதையும் சொன்னவ. கியூபெக் மாகாணத்துக்கு 1999ல இருந்து மாகாணப் பூ ஒரு ஐரிஸ்தானாம், சதுப்பு நிலத்தில தானா வளர்ற நீல இனம், தாடி இல்லாதது, ஈரத்துக்கும் குளிருக்கும் ரெண்டுக்கும் பயப்படாது. அதையாவது தாமரைக்குளப் பக்கம் வைக்கலாமா எண்டு நான் கேட்டதுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில தலையாட்டி இல்ல எண்டாங்க. அதுக்கும் குளிர் வேணும். சரி.

அடுத்த முறை வரக்குள்ள சூட்கேசுக்க நாலு கிழங்கு கொண்டு வாறன், நீங்க பரிசோதிச்சுப் பாருங்க எண்டு அவ சொன்னதுக்கும் அண்ணன் ஓம் எண்டு சொல்லல்ல. 1999ம் ஆண்டு 35ம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, கண்டோ கிழங்கோ வெளியில இருந்து கொண்டு வாறதெண்டா முதல்ல அனுமதிப் பத்திரம் எடுக்கணும், அந்த நாட்டில இருந்து தாவர சுகாதாரச் சான்றிதழும் வேணும், கட்டுநாயக்கவில தாவரத் தனிமைப்படுத்தல் சேவை இருக்கிறதே இதுக்குத்தான். நீங்க இவ்வளவு நேரமும் சொன்ன அந்தப் புழு இஞ்ச இல்ல, அதை ஏன் கூட்டிக்கொண்டு வாறீங்க எண்டு கேட்டார். மச்சாள் சிரிச்சிட்டா, ஆனா கிழங்குக் கதையை அதோட விட்டா. பூக்கண்டு விக்கிறவர் ஒருத்தர் இதைச் சொல்லுறது எனக்குப் பெரிய விசயமாப் பட்டுது, வாங்கி வித்துப் பார்க்கிற ஆக்கள்தான் கூட.

இனி என்ன வாங்கினன் எண்டு சொல்லணும். தாடி ஐரிஸ் இல்லாட்டியும் அந்தக் குடும்பத்தில எங்கட வெக்கைக்கு வாற ரெண்டு இனம் அவரிட்ட நிக்கிது.

ஒண்டு வோக்கிங் ஐரிஸ், தென்னமெரிக்கப் பக்கத்துச் சாமான். இலை அச்சா ஐரிஸ் இலைதான், பூ வெள்ளை, நடுவில நீலமும் மண்ணிறக் கோடும் போட்டுச் சுருண்டு இருக்கும். விடிய விரியும், பின்னேரம் சுருங்கிரும், ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள், ஆனா ஒரே தண்டில மாறிமாறி வரும். படம் எடுக்கிறதெண்டா வெள்ளன எழும்பணும், வேலைக்குப் போயிட்டு வந்து பார்த்தா ஒண்டும் இருக்காது. பூத்து முடிஞ்ச தண்டு நுனியில குட்டிக்கண்டு வைக்கும், பாரத்தில தண்டு சாஞ்சு நிலத்தில முட்டினதும் வேர் விட்டிரும், அதால ஒரு கண்டு வாங்கினாப் போதும், ரெண்டாவது கண்டை உங்களுக்கு விக்க அவருக்கே மனம் வராது. இது முழு வெயிலுக்கு ஆகாது. மாமரத்துக்குக் கீழ, விறாந்தை ஓரம், காலை வெயில் மட்டும் விழுற இடம் நல்லம். கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில நுனி கருகும், அது வருத்தம் இல்ல, காத்து மறைச்சு வச்சுத் தண்ணி ஊத்தினா அடுத்த இலை சரியா வரும்.

மற்றது பிளாக்பெரி லில்லி, தோடம்பழ நிறத்தில சிவப்புப் புள்ளி போட்ட பூ. இதுக்கு லில்லி எண்டு பேர் இருந்தாலும் ஐரிஸேதான், முந்தி வேற இனமா வச்சிருந்தாங்க, மரபணுவைப் பார்த்திட்டு 2005ல ஐரிஸ் இனத்துக்குள்ள சேர்த்திட்டாங்க. சீனா யப்பான் இந்தியாப் பக்கம் வளர்றது, சீன வைத்தியத்தில கிழங்கைத் தொண்டை நோவுக்குப் பாவிக்கிறவங்க, நீங்க வீட்டில அவிச்சுக் குடிச்சுப் பார்க்காதீங்க. இதுக்கு நல்ல வெயில் வேணும், எங்கட கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி மணல் நிலம் நல்லாப் பிடிக்கும், தண்ணி நிக்காட்டிச் சரி. பூ வாடினா முறுக்கிப் பிழிஞ்ச துணி கணக்காச் சுருண்டு விழும், மறுகா காய் வெடிச்சு உள்ள கறுப்பு முத்துக் குலை. அந்தக் குலையைக் காயவச்சு மேசையில வச்சா கனநாள் நிக்கும், எனக்குப் பூவை விட அதுதான் பிடிச்சிருக்கு.

இதில ஆச்சரியம் என்னெண்டா இந்த பிளாக்பெரி லில்லிக்குக் குளிர் தேவையும் இல்ல, குளிருக்குப் பயமும் இல்ல. மொன்றியல் குளிருக்கும் ஓரளவு தாங்குற கண்டு, இலை செத்துப்போகும், கிழங்கு நிலத்துக்குள்ள இருந்து திரும்ப முளைக்கும். இதைக் கேட்ட மச்சாள் விதைக் குலையைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவ, அண்ணன் அவ கேக்க முதலே "அங்கயும் கடையில விதை விக்கும், அங்க வாங்குங்க" எண்டிட்டார். அவ போய்த் தேடி வாங்கியும் இருக்கிறா. தாடி ஐரிஸை இஞ்ச கொண்டுவரப் பார்த்தம், கடைசியில ரெண்டு வளவிலயும் நிக்கப்போறது புள்ளிப் பூதான்.

கண்டின்ட தரம் நல்லம். வேர் சாடியை நிரப்பி நிக்கிது, நேத்து வெட்டி நட்டதை இண்டைக்கு விக்கிற வேலை இல்ல. இலைக்கடியில வெள்ளைப் பூச்சி இருக்கா எண்டு திருப்பிக் காட்டித்தான் தாறார். மண் கலவை அவரே கலக்கிறது: மணல், மாட்டெரு, தும்புத்தூள், ஒள்ளுப்பம் உமிக்கரி. வோக்கிங் ஐரிஸுக்குத் தும்புத்தூள் கூட, மற்றதுக்கு மணல் கூட. படுவான்கரைப் பக்கத்துக் களிமண்ணில நடுறவங்களுக்குப் பாத்தியை ஒரு முழம் உயர்த்திக் கட்டச் சொல்லித்தான் கண்டைக் குடுக்கிறார், கார்த்திகை வெள்ளத்துக்கு அது இல்லாட்டிச் சரிவராது. விலையும் பரவாயில்ல, வோக்கிங் ஐரிஸ் 400 ரூபா, பிளாக்பெரி லில்லி 350, நான் வாங்கின நேரத்து விலை, இப்ப கூடியிருக்கலாம். பேரம் பேசினா குறைக்கமாட்டார், ஆனா வரக்குள்ள ஒரு துளசிக்கண்டு சும்மா வச்சு விடுவார்.

அந்த ஒரு ஸ்டார். முதலாவது, எந்தச் சாடியிலயும் பேர் ஒட்டியில்ல. அவர் நிண்டாச் சரி, அவர்ர மகன் நிக்கிற நேரம் போனா அந்தத் தம்பி எல்லாத்தையும் லில்லி எண்டுதான் சொல்லும், ஸ்பைடர் லில்லியைக் காட்டி ஐரிஸ் எண்டு ஒரு டீச்சருக்கு விக்கப் பார்த்ததை நானே கண்டன், அவ விபரம் தெரிஞ்ச ஆள் எண்டபடியாத் தப்பினா. பூ இல்லாத நேரம் இலையை வச்சுக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, ஐரிஸ் குடும்பத்து இலை ஒண்டுக்குள்ள ஒண்டு மடிஞ்சு ஒரே தட்டையா விசிறி போல நிக்கும், ஸ்பைடர் லில்லி இலை நாலாபக்கமும் விரியும். ரெண்டாவது, போனுக்குப் பதில் இல்ல, எடுத்தாலும் "வாங்க பார்ப்பம்" எண்டிட்டு வச்சிருவார், ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனையில இருந்து வாறவங்களுக்கு இது பெரிய அலைச்சல். கார்ட் இல்ல, டெலிவரி இல்ல. நுளம்பு வேற, நெட்டுக்க போகக்குள்ள முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு போங்க.

ஞாயிறு பூட்டு, போயா நாளிலயும் அனேகமா இருக்கமாட்டார். மற்ற நாளில வெள்ளன போங்க, 11 மணிக்குப் பிறகு வயலுக்குப் போயிருவார், மறுகா அந்தத் தம்பிதான். வெறும் சாடி இருந்தா கையோட கொண்டு போங்க, கண்டு வாங்கினா கலவையை நிரப்பித் தருவார், அதுக்கு வேற காசு எடுக்கிறல்ல.